பக்கத்துத் தெரு அரசுத் தொடக்கப் பள்ளி எப்படி என்று கேட்பவர்களுக்கு

மதுரைக்கு மேற்கே, நாகமலைத் தொடர் மொட்டை மாடியிலிருந்து தெளிவாகத் தெரிகிற ஒரு குடியிருப்பில் நாங்கள் வசிக்கிறோம். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. என் மகள் 2022 ஜூன் மாதம் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது நான்காம் வகுப்பை முடிக்கப்போகிறாள். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறை கழிந்ததும், புதிதாகக் குடிவந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் அந்தப் பள்ளிக்கூடம் எப்படி என்று என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு மூன்று குடும்பத்தார் கேட்டார்கள். நல்ல பள்ளிதான், தயங்காமல் சேருங்கள் என்று வாசலில் நின்றபடியே சொல்லி அனுப்புவது எளிது. ஒரு பிள்ளையின் ஐந்து ஆண்டுகளைப் பற்றிய கேள்விக்கு அப்படிப் பதில் சொல்வது முறையாகாது. ஆகவே ஒரு தொடக்கப் பள்ளியைப் பார்ப்பதற்கு நான் கற்றுக்கொண்ட வழியை, எங்கள் பள்ளியின் குறைகளையும் மறைக்காமல், எழுதி வைக்கிறேன். குறைகளைச் சொல்லப்போவதால் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக வேலை பார்க்கிறேன். கல்வித் துறையில் எனக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. 2022 பிப்ரவரியில், கொரோனாவுக்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறந்த சமயத்தில், நாங்கள் நான்கு பள்ளிகளைப் பார்த்தோம்: இரண்டு தனியார் பள்ளிகள், ஓர் அரசு உதவிபெறும் பள்ளி, இந்த ஒன்றியப் பள்ளி. என் தாயாருக்கு இந்தக் கடைசிப் பெயரே பிடிக்கவில்லை. "நாமதான் வழியில்லாம அங்க படிச்சோம், பேத்தியாவது நல்ல எடத்துல படிக்கட்டுமே" என்றார். அவர் சொன்னதில் வலி இருந்தது. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசுப் பள்ளி என்றால் வேறு வழியில்லாதவர்கள் போகும் இடம் என்ற எண்ணம் எங்கள் வீட்டைப் போல ஆயிரம் வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணத்தை வாதத்தால் மாற்ற முடியாது என்பதால், பள்ளிக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுவது என்று முடிவு செய்தேன்.

தனியார் பள்ளிகளில் எங்களை வரவேற்பறையில் உட்கார வைத்து, கணினி அறையையும் நீச்சல் குளத்தின் படத்தையும் காட்டினார்கள். வகுப்பு நடக்கும்போது உள்ளே போக அனுமதி கிடைக்கவில்லை. ஒன்றியப் பள்ளியில் வரவேற்பறையே கிடையாது. தலைமை ஆசிரியர் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பாடத்தை முடித்த பிறகுதான் பேசினார். அன்று காத்திருந்த இருபது நிமிடத்தில், சுவரில் ஒட்டியிருந்த எல்லா அட்டைகளையும்விட அதிகமான செய்தி எனக்குக் கிடைத்தது. ஒரு சிறுவனுக்கு ஒரு சொல்லைப் படிக்க வரவில்லை. அவர் பக்கத்துப் பிள்ளையை எழுப்பிச் சொல்லச் சொல்லவில்லை. அவனையே எழுத்துக் கூட்டவைத்து, அவன் சொல்லும்வரை காத்திருந்தார். மற்றவர்கள் சிரிக்கவும் இல்லை. வகுப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்பதைப் பார்த்துவிட்டால் பள்ளியைப் பற்றி ஏறக்குறைய எல்லாமே தெரிந்துவிடும் என்று இன்றும் நான் நம்புகிறேன். கெட்டிக்காரப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் படித்துவிடும். நம் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒரு பாடத்தில், ஏதோ ஓர் ஆண்டில், பின்தங்கும் காலம் வரத்தான் செய்யும். அப்போது அந்த வகுப்பறையில் அவர்களுக்கு என்ன நேரும் என்பதைத்தான் நாம் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

வாசிப்பைச் சோதிக்க விரும்புகிறவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசிப் பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் எல்லோரும் கற்கத் தொடங்குகிறவர்கள். ஐந்தாம் வகுப்பில் குறை இருந்தாலும் பிள்ளைகள் அதை மறைக்கப் பழகிவிடுகிறார்கள். ஆசிரியரின் அனுமதி பெற்று, பாடநூலில் இல்லாத ஒரு சிறு கதையையோ செய்தித்தாளின் சிறுவர் பக்கத்தையோ கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். பாடநூலைக் கொடுத்தால் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். விரல் ஒரு சொல்லின் மேல் நிற்க, வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். புதிய பக்கத்தைப் படிக்கும்போது ர, ற மாறுவதும், ல, ள, ழ குழம்புவதும் இயல்பு; அவை பெரிய குறையல்ல. ஒரு வாக்கியத்தைப் படித்து முடித்தபின் அதில் என்ன நடந்தது என்று தன் சொல்லில் சொல்ல முடிகிறதா என்பதே முக்கியம். கணக்குக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்ல வேண்டும். 35 என்று விடை வந்தால், கடன் வாங்குவது புரியாமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிட்டார்கள் என்று பொருள். நான் கேட்ட ஆறு பிள்ளைகளில் நான்கு பேர் 35 என்றார்கள். பள்ளிகள் நெடுங்காலம் மூடிக்கிடந்ததன் பாதிப்பு அது என்று தலைமை ஆசிரியர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அதே கேள்வியைப் போன மாதம் மூன்றாம் வகுப்பில் கேட்டபோது, ஒன்பது பேரில் ஏழு பேர் 25 என்று சரியாகச் சொன்னார்கள்.

இந்த மாற்றத்துக்கு ஆசிரியர்களின் உழைப்பு முதல் காரணம்; தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் இன்னொரு காரணம். 2022 ஜூன் மாதம் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட இந்தத் திட்டத்தில், பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஒரே வகுப்பில் எழுத்துகளையே அறியாத பிள்ளையும் கதை படிக்கும் பிள்ளையும் இருப்பதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டு பாடத்தை அமைப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பள்ளிக்குப் போகும் பெற்றோர், அரும்பு நிலையில் எத்தனை பேர், அவர்களில் சென்ற பருவத்திலிருந்து மொட்டுக்கு ஏறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். ஆசிரியர் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று விளக்கினால் அது நல்ல அறிகுறி. எல்லாப் பிள்ளைகளும் மலரில்தான் இருக்கிறார்கள் என்று பதில் வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. மதிப்பீடுகளைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றும் வேலை ஆசிரியர்களின் நேரத்தை நிறையவே எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்க, ஆசிரியர் இணைய இணைப்புக்காகக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சன்னலோரம் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஆசிரியர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்க நிலையில் 60 மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் இருக்க வேண்டும். வகுப்புகளோ ஐந்து. ஆகவே சிறிய பள்ளி எதிலும் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஓர் அறையில் வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருக்கும். இதைக் கேட்டவுடனே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். நானும் தயங்கினேன். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புப் பிள்ளைகள் கலந்து உட்காரும் அறையில், ஆசிரியர் மூன்றாம் வகுப்புக்குச் சொன்ன கதையை என் மகள் காதில் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் சொன்னாள். இரண்டாம் வகுப்புக்குப் போனபின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பல வகுப்புகளைச் சேர்த்துக் கற்பிப்பது திறமையான ஆசிரியரின் கையில் குறையாகத் தெரிவதில்லை. எங்கள் பள்ளியின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சிக்காக வட்டார வள மையத்துக்குப் போய், அதே நாளில் இன்னொருவர் விடுப்பிலும் இருக்கும்போதுதான் அது குறையாகிறது. அப்படிப்பட்ட நாட்களில் 80 பிள்ளைகளை ஒருவர் சமாளிப்பார், பாடம் நடக்காது. ஆகவே, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இப்போது பணியில் இருப்பவர் எத்தனை பேர், மாற்றுப்பணியில் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டவர் யாராவது உண்டா, தற்காலிக ஆசிரியர் இருக்கிறாரா என்று தனித்தனியாகக் கேட்பது நல்லது. பதில் சொல்லத் தலைமை ஆசிரியர் தயங்க மாட்டார். பெரும்பாலும் அது அவருடைய கவலையாகவே இருக்கும்.

வகுப்புவாரியான எண்ணிக்கையையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் 22 பேரும் ஒன்றாம் வகுப்பில் 6 பேரும் இருந்தால், அந்தப் பள்ளியை ஊர் மெல்லக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். ஆகஸ்ட் 1 அன்று வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரியாகக் கணக்கிடப்பட்டுப் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். ஆசிரியர் குறைந்ததைக் கண்டு மேலும் நான்கு பெற்றோர் பிள்ளைகளை எடுத்துவிடுவார்கள். நல்ல கட்டடமும் நல்ல ஆசிரியரும் இருந்தும் சில பள்ளிகள் இந்தச் சுழலில் தேய்ந்துபோனதை உசிலம்பட்டிச் சாலையோர ஊர்களில் உறவினர் வீடுகளுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஓர் அருமையான ஆசிரியர் இருக்கிறார் என்பதற்காக மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பொது மாறுதல் கலந்தாய்வில் அவர் தம் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடலாம். அது அவருடைய உரிமை. என் மகளின் முதல் ஆசிரியை அப்படித்தான் இரண்டாம் ஆண்டிலேயே மாறுதல் பெற்றுப் போனார். அவள் ஒரு வாரம் பள்ளிக்குப் போக மறுத்து அழுதாள்.

கழிப்பறையைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நான் தவறிய இடம் அது. நான் பள்ளியைப் பார்க்கப் போனது காலை ஒன்பதரை மணிக்கு. அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள், சுத்தமாக இருந்தது. சேர்த்த பிறகு, ஆகஸ்ட் மாதத்தில், மகளுக்குக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார் மருத்துவர். விசாரித்தபோது, காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீர்ப் புட்டியை அவள் திறப்பதே இல்லை என்று தெரிந்தது. "அங்க தாழ்ப்பாள் இல்லப்பா, தண்ணியும் வராது" என்றாள். தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்கும் என்பதால் குடிக்காமலேயே இருந்திருக்கிறாள்; வேறு சில பெண் பிள்ளைகளும் அப்படியே இருந்திருக்கிறார்கள். மோட்டார் பழுதாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து எத்தனை நாள் ஆனது என்பது யாருக்குமே தெரியவில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் காலை இடைவேளை முடிந்தபின், பதினொன்றரை மணிக்குமேல், கழிப்பறையைப் பார்க்க வேண்டும். குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளிடம் ஒரு பெண் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். என் மனைவி கேட்டபோதுதான் எங்களுக்கும் முழு விவரம் தெரிந்தது.

பழுதைச் சரிசெய்ய முயன்றபோதுதான் பள்ளி மேலாண்மைக் குழு என்ற ஒன்று இருப்பதன் பயனை அறிந்தேன். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாடு முழுவதும் 2022இலும், பிறகு 2024இலும் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. எங்கள் பள்ளிக் குழுவின் தலைவியாக இருந்தவர் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா. கூட்டத்தில் அவர் எழுந்து, பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று சொன்னபோது அந்த அறையில் இருந்த ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. தீர்மானம் எழுதி, கட்டடப் பராமரிப்பு ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கொடுத்தோம். நான்கு மாதத்தில் மோட்டார் ஓடியது. தாழ்ப்பாளை அந்த வாரமே ஒரு தச்சர், பள்ளியில் படிக்கும் பையனின் தந்தை, கூலி வாங்காமல் போட்டுக்கொடுத்தார்.

யாரிடம் முறையிடுவது என்பது பள்ளியை நடத்துவது யார் என்பதைப் பொறுத்தது. ஆகவே பள்ளியின் பெயர்ப் பலகையை முதலில் படித்துவிடுங்கள். நகருக்குள் மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சி அலுவலகம். செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உண்டு. அவை பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இல்லாமல், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் நலத் துறையின் கீழ் வருகின்றன. அரசு உதவிபெறும் பள்ளிக்கு நிர்வாகம் வேறு, ஆசிரியர் ஊதியம் அரசுடையது. எந்தப் பள்ளியானாலும் 14417 என்ற கல்வி உதவி எண்ணும், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 1098 என்ற எண்ணும் பொதுவானவை. அந்த எண்கள் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சுற்றுச்சுவர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியில் பின்பக்கச் சுவர் தாழ்வானது. திங்கட்கிழமை காலையில் காலி மதுப் புட்டிகளைப் பொறுக்கிய பிறகுதான் இறைவணக்கக் கூட்டம் நடத்த முடிகிற வாரங்கள் இன்னும் இருக்கின்றன. பள்ளியின்மேல் குறை சொல்வதற்கில்லை. புட்டியைப் போடுபவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

காலை உணவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. ஊர்ப்புறத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்ட் 25 அன்று விரிவாக்கத்தின்போது வந்து சேர்ந்தது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள் பள்ளியிலேயே சமைக்கிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு வகை, பெரும்பாலும் சாம்பாருடன். வீட்டில் இட்லி கிடைக்கும் பிள்ளைக்கு இது தேவையா என்று சிலர் தயங்குகிறார்கள். சமைப்பவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று கேட்டுவிட்டு, பிள்ளையைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பும் வீடுகளும் உண்டு என்பதை மனவேதனையோடு எழுதுகிறேன். நான் என் மகளை அங்கேயே சாப்பிடச் சொல்லிவிட்டேன். காலை எட்டரை மணிக்குள் பள்ளிக்குப் போய், வரிசையில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். இன்ன தெருப் பிள்ளைகள் இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம் என்று பிரிந்து உட்கார்ந்தால், அதைக் கண்டும் ஆசிரியர் பேசாமல் இருந்தால், அந்தப் பள்ளியில் மற்றவை எல்லாம் சிறப்பாக இருந்தாலும் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன். எங்கள் பள்ளியில் வகுப்பு வரிசைப்படி உட்கார வைக்கிறார்கள். இதைத் தலைமை ஆசிரியர் பிடிவாதமாகவே கடைப்பிடிக்கிறார். மதிய சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. உணவின் சுவை நாளுக்கு நாள் மாறும். சில நாட்களில் சாம்பாரில் காய் தேட வேண்டியிருக்கும். அதையும் குழுக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம்.

ஆங்கிலம்தான் எல்லோருக்கும் பெரிய கவலை. 2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் உண்டு. ஆனால் சிறிய தொடக்கப் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவு என்பது பல இடங்களில் பதிவேட்டில் மட்டுமே தனியாக இருக்கும். அதே அறை, அதே ஆசிரியர், வேறு பாடநூல், அவ்வளவுதான். ஆங்கிலவழிக்கென்று தனியாக ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நாங்கள் தமிழ்வழியில் சேர்த்தோம். வீட்டில் பேசும் மொழியில் வாசிக்கக் கற்ற பிள்ளை மற்ற மொழியையும் பிடித்துக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருப்பதும், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதே சமயம் உண்மையைச் சொல்ல வேண்டும்: என் மகள் ஆங்கிலப் பாடத்தை நன்றாக வாசிக்கிறாள், எழுதுகிறாள், பேசுவதில் தனியார் பள்ளியில் படிக்கும் அவள் அத்தை மகனைவிடப் பின்தங்கியே இருக்கிறாள். இரவில் அரை மணி நேரம் நாங்கள் அவளோடு ஆங்கிலத்தில் பேசுகிறோம். மாதம் ஒருமுறை நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவுக்கு அழைத்துப் போகிறோம். இதற்கு நேரம் ஒதுக்க முடியாத வீடுகளுக்கு அது ஒரு குறைதான். பள்ளி அதை ஈடுசெய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். விளையாட்டுக்கும் இசைக்கும் தொடக்கப் பள்ளியில் தனி ஆசிரியர் கிடையாது என்பதும் அப்படியே.

மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும் என்பதற்காகவே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதாக ஒருவர் சொன்னார். அந்த ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் கணக்கில் எடுக்கிறது. தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க அது காரணமாகாது. பாடநூல், குறிப்பேடு, சீருடை, பை, காலணி எல்லாம் பள்ளியிலேயே கிடைத்துவிடும். செலவைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வந்தால் அந்தப் பிள்ளையோடு எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் காது கேளாத ஒரு சிறுவன் இருக்கிறான். அவன் தாயார் சொன்ன குறையும் நிறைவும் ஆசிரியர்கள் சொன்னதைவிடத் தெளிவாக இருந்தன. பொதுவாகவே, பள்ளியைப் பற்றி விசாரிக்க விரும்பினால் அங்கே படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் கேட்பதே சிறந்தது. மாலையில் வாசலில் காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். பிள்ளையை அங்கே சேர்த்திராதவர்கள் சொல்லும் செய்திகளில் பாதி, அவர்கள் காலத்துப் பள்ளியைப் பற்றியதாக இருக்கும்.

ஒரு பள்ளி நன்றாக இருப்பதில் ஊருக்கும் பங்கு உண்டு. ஒத்தக்கடை அருகே யா. கொடிக்குளத்தில், வங்கி ஊழியரான ஆயி பூரணம் அம்மாள், தம் மறைந்த மகளின் நினைவாக 1.52 ஏக்கர் நிலத்தை ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்ததை 2024 ஜனவரியில் மதுரை முழுவதும் பேசியது. அவ்வளவு பெரிய கொடை நம்மால் ஆகாது. ஆனால் எங்கள் பள்ளிக்கு ஒருவர் சுவர்க் கடிகாரம் கொடுத்தார். ஒருவர் ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் வேப்பமரக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் வெள்ளிக்கிழமை பிற்பகலில் கதை சொல்ல வருகிறார். பள்ளிக்குள் வெளியாட்கள் இப்படி முறையான அனுமதியோடு வந்துபோகிறார்களா என்பதையும் நான் ஒரு நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சேர்க்கை ஜூன் மாதம்தான் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். மார்ச் மாதமே பெயர் கொடுக்கலாம். ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைவடைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, புகைப்படம் கேட்பார்கள். வயதுச் சான்று கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தேர்வோ நேர்காணலோ நடத்தவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, இதில் எனக்கு இருக்கும் சொந்த அக்கறையையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் நாங்கள் சேர்ந்தபோது எங்கள் பள்ளியில் 68 பிள்ளைகள் இருந்தார்கள். இன்று 83 பேர் இருக்கிறார்கள், ஆசிரியர் மூவர். இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பிலிருந்து 14 பேர் வெளியேறுகிறார்கள். 91ஐத் தொட்டால்தான் நான்காவது ஆசிரியரைக் கேட்க முடியும். ஆகஸ்ட் 1க்குள் 22 பிள்ளைகள் சேர வேண்டும். இதுவரை பெயர் கொடுத்திருப்பவர்கள் 9 பேர். நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். ஒரு நாள் பதினொன்றரை மணிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள், மூன்றாம் வகுப்பில் பத்து நிமிடம் உட்காருங்கள். தலைமை ஆசிரியர் பாடத்தில் இருந்தால், முடியும்வரை அந்த நாற்காலியில் காத்திருங்கள்.